சிவப்பு ஒயர் மைனஸ்

குறிச்சி சிட்கோவில் மூன்றாவது சந்து.
லேத் பட்டறைக்கும் கிரைண்டர் கல் கொத்தும் ஷெட்டுக்கும் நடுவே
சம்பூரணத்தின் உலை.
மில் ஓடிய காலத்தில்
நூல் வழுக்கிப் போகும் பீங்கான் கொக்கிகளைச் சுட்டது.
மில்லை இடித்து மனை போட்டபோது
இரும்பு விலைக்கு எடைபோட்டு வாங்கிவந்தாள்.
இப்போது ஊட்டிக் கடைகளுக்கு டீக்கோப்பை சுடுகிறது.

அதன் மீட்டரில் ஓர் ஊசி.
தொள்ளாயிரத்தில் மாட்டிக்கொள்ளும்.
விரல்முட்டியால் ரெண்டு தட்டினால்
சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொண்டவர்
பந்திக்கு எழுந்து வருவதுபோல்
மெதுவாக ஆயிரத்து இருபதுக்கு வரும்.
‘இதை நம்பியா இத்தனை வருசம்?’
‘ஊசிய யாருங்க நம்புனா.’
கதவின் ஓட்டைவழி பார்ப்பாளாம்.
உள்ளே ஆவாரம்பூ நிறம் வந்தால் நிறுத்திவிடுவாளாம்.
பார்த்துப் பார்த்து இடது கண்ணில் புரை.
இனி நெருப்பைப் பார்க்கக் கூடாது என்று
டாக்டர் சொன்ன மறுநாள்தான்
என்னைக் கூப்பிட்டாள்.

எனக்குப் பிழைப்பு கணபதியில், பேனல் ஒயரிங்.
பல்லடத்துப் பக்கம் குஞ்சு பொரிக்கும் பெட்டிகளில்
முப்பத்தேழரை டிகிரியைக்
கலையாமல் காத்துக்கொடுப்பேன்.
ஆயிரத்து இருநூறு எனக்குப் புதுசு.
சொல்லவில்லை.

பழைய காண்டாக்டரைக் கழற்றினேன்.
கருகிய வெள்ளிப் பொட்டுகள், உள்ளே ஒரு செத்த பல்லி.
சத்தம் போடாத ரிலே வைத்தேன்.
பச்சை எழுத்து ஒளிரும் பெட்டி வைத்தேன்.
உலையின் முதுகில் புதுச் சென்சார்:
பீங்கான் உறைக்குள் ரெண்டு உலோகக் கம்பி,
நுனியில் மட்டும் ஒட்டியவை.
அந்த ஒட்டு சுட்டால்
டிகிரிக்கு நாற்பது மைக்ரோவோல்ட்.
எறும்பு முக்கினாலும் அதைவிடக் கூட வரும்.
அதை நம்பி முந்நூற்று அறுபது கோப்பை.

ராத்திரி எட்டுக்கு ஆன் செய்தோம்.
முப்பத்தொன்று.
இருபத்தொன்பது.
இருபத்துநாலு.
‘ஏனுங்கக்கா, குளுருதுங்களா அதுக்கு?’
நானும் சிரித்தேன்.
பதினொன்று.
அவள் ஓட்டைக்குக் குனிந்தாள், நான் பிடித்து நிறுத்தி
நானே குனிந்து பார்த்தேன்.
உள்ளே சுருள் சிவந்துகொண்டிருந்தது.
பெட்டியோ மைனஸ் நாலு என்றது.
சூடு ஏற ஏறக் குறைவாய்ப் படித்து,
குறையக் குறைய இன்னும் கரண்டை ஊட்டிக்கொண்டு.

மெயினை இறக்கிவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்தேன்.
மஞ்சள் ஒயர், சிவப்பு ஒயர்.
சிவப்பு என்றால் ப்ளஸ்.
இருபது வருசமாய்க் கை தானாகச் செய்வது.
இந்த ஒயரில் மட்டும் சிவப்பு மைனஸாம்.
அட்டைப்பெட்டிக்குள் மடித்த தாளில்
கொசுமுட்டை எழுத்தில் இருந்தது.
படிக்காத தாள்.
‘மாத்திக் குடுத்துட்டேன்’ என்றேன்,
யார் மாற்றிப்போட்டது என்று சொல்லாமல்.
‘நீங்கதான் மாத்திப் போட்டீங்க’ என்றாள் அவள்,
டீ ஊற்றிக்கொண்டே.

கோப்பை நன்றாகவே வந்தது.
அவளுடைய ஆவாரம்பூ
பெட்டிக் கணக்கில் ஆயிரத்து நூற்று எழுபத்துமூன்று.
ஊசி சொல்லிக்கொண்டிருந்தது ஆயிரத்து இருநூற்று நாற்பது.
செங்கல்லில் கரியால் எழுதி வைத்தோம்,
சின்ன எண்ணை.

அடுத்த வாரம் போன்.
‘ரிலே வேல செய்யுதுங்களான்னே தெரீல,
சத்தமே இல்லீங்க.
முன்னெல்லாம் டக்கு டக்குன்னு கேட்டுட்டே தூங்குவேன்.
இப்ப மணிக்கு ஒருக்கா எந்திரிச்சுப் போறேன்.’

போனேன்.
பல்லியைத் தட்டிவிட்டு
அதே காண்டாக்டரைச் சுவரில் மாட்டினேன்.
லோடு கிடையாது, உலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
நூறு டிகிரிக்கு ஒருமுறை
சும்மா ஒரு டக்.
பில்லில் எந்தப் பேரில் எழுதுவது என்று தெரியாமல்
எழுதாமல் விட்டேன்.

நேற்று ராத்திரி ஒன்றே முக்கால், மறுபடி போன்.
‘கேட்டுச்சுங்கக்கா. எட்டுநூறு.
நான் படுக்கறேன்.’

அவள் படுத்துவிட்டாள்.
கணபதியில், ஃபேன் சத்தத்துக்கு அடியில்,
தொள்ளாயிரத்துக்காக நான்
முழித்துக் கிடந்தேன்.